மூச்சுக்குத் திணறினாலும் முரண்டுதான்: ஓர் இரவு நர்ஸின் நாட்குறிப்பு

பிப்ரவரி 4, 2025

இன்றோடு பயிற்சி முடிந்தது. ஆஸ்பத்திரி ஐசியூவை விட்டுவிட்டு, பதின்வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் விடுதி ஒன்றில் இரவு நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். அமெரிக்காவில், மிஷிகன் மாநிலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இடத்தின் பெயரும் பிள்ளைகளின் கதையும் இங்கே வராது.

காலையெல்லாம் கோபத்தைப் பேச்சால் தணிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மதியம் பாய் விரித்து 'ஹோல்டு'. வேறு வழியில்லாதபோது பிள்ளையை நாலு பேர் சேர்ந்து எப்படிப் பிடிப்பது என்று. பிள்ளையாக நடிக்க ஆள் கேட்டார்கள். நான்தான் உருவத்தில் சிறியவள், என்னைப் படுக்கவைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு கை, இன்னும் இருவர் காலில். யாரும் அழுத்தவில்லை, சிரிப்பும் கேலியுமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் நிறுத்தச் சொல்லிவிட்டு, "இவர் முகம் எப்படி இருந்தது, யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. கையைப் பிடித்தவர் கையைப் பார்த்திருக்கிறார், காலைப் பிடித்தவர் காலை.

அதனால்தான் எதையும் பிடிக்காமல் முகத்தையும் மூச்சையும் மட்டும் கவனிக்க ஒருவர் வேண்டும் என்றார். பெரும்பாலும் அது நர்ஸ். நான் "விடுங்கள்" என்றால் எல்லோரும் கையை எடுத்தாக வேண்டுமாம், பிடித்திருப்பது மேலதிகாரியே ஆனாலும். நிஜத்தில் எடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 9

இந்த மாநிலத்தில் இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் கார்னீலியஸ் ஃபிரெடெரிக்கின் பெயர் தெரியாமல் போகாது. 16 வயது. அம்மா இறந்தபின் அரசின் பராமரிப்புக்கு வந்த பையன். கலமசூ நகரில் லேக்சைட் அகாடமி என்ற விடுதியில் இருந்தான். 2020 ஏப்ரல் 29 அன்று சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு பையன் மேல் சாண்ட்விச்சைத் தூக்கிப் போட்டான். நடந்தது அவ்வளவுதான். ஊழியர்கள் பல பேர் சேர்ந்து அவனைத் தரையில் அமுக்கினார்கள். மூச்சு விட முடியவில்லை என்று சொல்லியிருக்கிறான். சுமார் 12 நிமிடம் விடவில்லை. அசைவில்லாமல் கிடந்தவனுக்காக அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க மேலும் 12 நிமிடம் ஆகியிருக்கிறது. மே 1 அன்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். மூச்சடைப்பு, பிறர் செயலால் நேர்ந்த மரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. மூன்று பேர் மீது வழக்குப் போட்டார்கள்.

மூவரில் ஒருவர் நர்ஸ். நேரத்தோடு உதவிக்கு அழைக்கவில்லை என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. இதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆக்சிஜன் நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கிவிடும். ஐசியூவில் வேலை பார்த்தவர்களுக்கு 12 நிமிடம் எவ்வளவு நீளம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த விடுதியின் உரிமம் போனது. அதே ஆண்டு ஜூலையில் மாநிலம் அவசர விதி கொண்டுவந்து, குப்புறப் படுக்கவைத்துப் பிடிப்பதைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் அமுக்கியபோது அந்தப் பையன் மல்லாந்து கிடந்தான், மார்பின் மேல் ஆட்களின் பாரம் இருந்தது.

பிப்ரவரி 16

"பேச முடிகிறதல்லவா, அப்படியென்றால் மூச்சும் விட முடிகிறது." இதை இங்கே ஒரு சீனியர் ஊழியர் சர்வசாதாரணமாகச் சொன்னார். 2004 ஏப்ரலில் இங்கிலாந்தில், ரெயின்ஸ்புரூக் என்ற சிறார் காவல் மையத்தில், 15 வயது கேரத் மயட்டிடமும் கிட்டத்தட்ட இதே பதிலைத்தான் சொன்னார்கள். அவன் எடை சுமார் 41 கிலோ. சாண்ட்விச் டோஸ்டரைச் சுத்தம் செய்ய மாட்டேன் என்றதில் தொடங்கிய தகராறு. மூன்று பேர் அவனை உட்கார்ந்த நிலையில் முன்னால் வளைத்துப் பிடித்தார்கள். அரசாங்கமே அங்கீகரித்த பிடி அது. அவன் செத்த பிறகுதான் அதை நிறுத்தினார்கள்.

பேசுவதற்குக் குரல்நாண்கள் வழியாகக் கொஞ்சம் காற்று போனால் போதும். உயிரோடு இருக்க அது போதாது. பெரியவர்கள் சாதாரணமாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அரை லிட்டர் இருக்கும். அதில் 150 மில்லி அளவுக்குத் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலுமே நின்றுவிடும், ரத்தத்துக்குப் பயன்படாது. மார்பை அமுக்கி மூச்சை அந்த அளவுக்குச் சுருக்கிவிட்டால், ஆள் கத்திக்கொண்டே மூச்சடைத்துப் போகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. திமிறுகிற உடம்பில் அமிலம் ஏறும். ஓடிவிட்டு வந்தால் வேகமாக மூச்சு வாங்குகிறோமே, அந்த அமிலத்தை வெளியேற்றத்தான். அந்த நேரம் பார்த்து மார்பின் மேலும் வயிற்றின் மேலும் ஆள் ஏறி அமுக்கினால் அமிலம் உள்ளேயே தங்கி இதயம் நிற்கும். ஆஸ்துமா, உடல் பருமன், பருமனைக் கூட்டுகிற மனநோய் மாத்திரைகள் எல்லாம் ஆபத்தை இன்னும் அதிகமாக்கும். இந்த விடுதிகளில் அதெல்லாம் இல்லாத பிள்ளை எத்தனை பேர்?

மூச்சு கிடைக்காதவன் என்ன செய்வான்? உடம்பை முறுக்குவான், உதைப்பான், எழப் பார்ப்பான். மேலே இருப்பவருக்கு அது முரண்டாகத் தெரியும். இன்னும் அழுத்துவார். கடைசியில் அடங்கினான் என்று நினைக்கும்போது...

பிப்ரவரி 23

பனி. வண்டியைத் தோண்டி எடுக்கவே அரை மணி நேரம். இரவு ஒன்றும் நடக்கவில்லை, நல்ல இரவு.

எங்கள் வார்டில் ஊழியர் ஒருவர் இருக்கிறார், கல்லூரியில் கால்பந்து ஆடிய உடம்பு, வாசல் நிலையை அடைத்துக்கொண்டு வருவார். சத்தம் கிளம்பினால் எல்லோரும் அந்தப் பக்கம் பாய்வோம். அவர் மட்டும் நாலடி தள்ளித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். "இவ்வளவு பெரிய ஆள் நின்றுகொண்டு 'அமைதியாக இரு' என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?" என்கிறார். பயிற்சிப் புத்தகத்தில் இது இல்லை.

மார்ச் 2

தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். மகனுக்கு 15 வயது. பள்ளிக்குப் போவதில்லை, கஞ்சா, ஒருமுறை அப்பாவைத் தள்ளிவிட்டிருக்கிறான். ஓர் 'ஆலோசகர்' யூட்டா மாநிலத்தில் ஒரு விடுதியைச் சொல்லியிருக்கிறாராம். முதலில் காட்டில் சில வாரம் கூடாரத்தில், அப்புறம் விடுதியில். அழைத்துப் போகவும் அவர்களே ஆள் அனுப்புவார்களாம், விடிகாலை நாலு மணிக்கு. பையனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாமாம்.

"அக்கா, ரெண்டு பேர் வந்து தூக்கத்துல எழுப்பிக் கூட்டிட்டுப் போவாங்களாம். அது சரிதானா?"

முரண்டு பிடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டாயா என்றேன். கேட்கத் தோன்றவில்லை என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பணம் எவ்வளவு, எத்தனை மாதம், பள்ளிப் படிப்பு என்னவாகும் என்றுதான் எந்தத் தாயும் முதலில் கேட்பாள்.

மார்ச் 5

அவளுக்குச் சொல்வதற்காக உட்கார்ந்து படித்தேன். எங்கள் விடுதி மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் வாங்குகிற மனநலச் சிகிச்சை விடுதி. அதனால் மத்திய அரசின் விதிகள் உண்டு: 9 முதல் 17 வயதுப் பிள்ளைக்கு ஓர் உத்தரவில் 2 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, 1 மணி நேரத்துக்குள் தகுதியுள்ளவர் நேரில் வந்து பார்க்க வேண்டும், பெற்றோருக்கு உடனே சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பிள்ளையோடு உட்கார்ந்து நடந்ததைப் பேச வேண்டும். (2 மணி நேரம்! இதை உச்சவரம்பு என்று எழுதியவர் ஒரு தடவை அந்தப் பாயில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.) பெற்றோர் சொந்தப் பணம் கட்டும் காட்டு முகாம்களுக்கு இந்த விதிகூடக் கிடையாது. அங்கே மாநிலச் சட்டம்தான், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

யூட்டாவில் 2021ல் சட்டத்தைக் கொஞ்சம் இறுக்கினார்கள். ஆண்டுக்கு 4 முறை ஆய்வு, யாரையாவது பிடித்தால் மாநிலத்துக்கு அறிக்கை, வாரம் ஒருமுறை பிள்ளை வீட்டாரோடு தனியாகப் பேச அனுமதி. அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் போய்ச் சாட்சி சொன்னது அதற்காகத்தான். பதின்வயதில் அவரை வைத்திருந்த புரோவோ கேன்யன் பள்ளி அங்கேதான் இருக்கிறது. போன டிசம்பரில் மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. படித்துப் பார்த்தால் நிலைமையை ஆராயச் சொல்கிறது, அறிக்கை கேட்கிறது. எந்தப் பிடியையும் தடை செய்யவில்லை.

கை படாமலும் பிள்ளை மூச்சடைத்துச் சாகும். 2024 பிப்ரவரியில் நார்த் கரோலைனாவில் டிரெய்ல்ஸ் கரோலைனா என்ற முகாமில் 12 வயதுப் பையனை முதல் இரவே, உள்ளிருந்து எளிதில் வெளியே வர முடியாத ஒரு சிறு கூடாரப் பைக்குள் படுக்கவைத்தார்கள். எழுந்தால் ஊழியருக்குத் தெரிய அதில் அலாரம் வேறு. காலையில் பிணமாகக் கிடந்தான், மூச்சடைப்பு. மே மாதம் அந்த முகாமின் உரிமத்தை ரத்து செய்தார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைத் தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

மார்ச் 11

நேற்று ஓய்வறையில் வாக்குவாதம். "ஒருத்தன் நாற்காலியைத் தூக்கி இன்னொருத்தன் தலையில் போட வருகிறான். சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்டவா?" என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்வி. போன வருடம் அவர் மணிக்கட்டை உடைத்தது ஒரு பிள்ளைதான். அந்த நொடியில் பிடித்துத்தான் ஆக வேண்டும், நானும் பிடிப்பேன். ஆனால் செத்த பிள்ளைகளின் பட்டியலில் நாற்காலி அதிகம் வரவில்லை. சாண்ட்விச்சும் டோஸ்டரும்தான் வருகின்றன. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993 முதல் 2018 வரை 26 ஆண்டுகளில் அமெரிக்காவில் இப்படிப் பிடிபட்டு இறந்த 79 பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள். அதிகம் பேர் இறந்தது மூச்சடைத்து. அதற்கும் முன்பே, 1998ல், ஹார்ட்ஃபோர்டு கூரண்ட் நாளிதழ் பத்தாண்டில் சிறுவர், பெரியவர் என 142 மரணங்களைத் தோண்டி எடுத்து எழுதியது. அதன் பிறகு வந்தவைதான் நாங்கள் பின்பற்றும் விதிகள்.

எந்தப் பிடி பாதுகாப்பானது என்று தேடிக்கொண்டே இருந்தால், தடை செய்த பிடிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வரும், அதிலும் ஒரு பிள்ளை போகும். சொன்னதைச் செய்யாததற்குக் கை வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. முடியாத காரியம் இல்லை. வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்ற நிறுவனம் 2004ல் இதைக் கையில் எடுத்தது. அடிக்க வருகிற பிள்ளைக்கும் ஊழியருக்கும் நடுவே பஞ்சு மெத்தை போன்ற தடுப்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, ஹோல்டை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். ஊழியர்களுக்கு அடிபடுவதும் குறைந்தது. மணிக்கட்டுக்காரர் அதை மட்டும் குறித்துக்கொண்டார்.

அப்புறம் ஆள் பற்றாக்குறை. இரவில் மூன்று பேர் இருக்கிற வார்டில் யார் நாலடி தள்ளி உட்கார்ந்து பொறுமை காட்டுவது? நிர்வாகத்திடம் கேட்டால் பட்ஜெட் என்கிறார்கள்.

மார்ச் 19

தங்கையின் மாமியார் ஊரிலிருந்து ஒரு தீர்வு சொல்லிவிட்டாராம்: "இங்க அனுப்பு, கண்டிப்பான இடமாப் பார்த்துப் போட்டுடலாம்."

கண்டிப்பான இடம் என்றதும் எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6, மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழி இல்லாதபோதுதான் பிடிக்கவோ கட்டவோ செய்யலாம், மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், தண்டனையாகச் செய்யக் கூடாது, ஆள் போதவில்லை என்றும் செய்யக் கூடாது. ஆள் போதாமையைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஓய்வறையில் ஒட்டிவைக்கலாம். ஆனால் மாமியார் சொல்லும் இடம் மனநல மருத்துவமனையாக இல்லாமல் வெறும் ஹாஸ்டலாக இருந்தால் அந்தச் சட்டத்தை அங்கே யார் பார்ப்பார்கள்?

மார்ச் 27

தங்கை இரண்டு இடங்களுக்குப் போன் செய்துவிட்டாள். நான் எழுதிக்கொடுத்த கேள்விகளை அப்படியே கேட்டாளாம். போன மாதம் எத்தனை ஹோல்டு? எதற்காக? காமிராப் பதிவைப் பெற்றோர் பார்க்கலாமா? பிடிக்கும்போது மூச்சை மட்டும் கவனிக்க யார் நிற்பார்கள்? மகன் என்னோடு தனியாகப் பேசலாமா, பக்கத்தில் ஊழியர் இல்லாமல்?

யூட்டாக்காரர்கள், "ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை உடையது" என்றார்களாம். எண்ணைச் சொல்லவில்லை. இரண்டாவது இடம் நயமாகப் பேசி, விதிமுறைப் புத்தகத்தையே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டது. நேற்றிரவு ஷிப்டுக்கு முன் வாசித்தேன். பெரும்பாலும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். 911ஐ அழைக்கும் பகுதியில் மட்டும், பொறுப்பு மேலாளரின் ஒப்புதல் பெற்ற பின் அழைக்க வேண்டும் என்று இருந்தது. அந்த வரியைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

"அப்ப இதுவும் வேண்டாமாக்கா?"

வேண்டாம் என்றேன். பையனை ஏற்கெனவே பார்க்கிற மருத்துவர், பகலில் போய்விட்டு மாலை வீடு திரும்பும் சிகிச்சை ஒன்றை ஜனவரியிலேயே சொல்லியிருக்கிறார். இடம் கிடைக்காது என்று இவர்கள் அப்போது விட்டுவிட்டார்கள். இன்று கேட்டதற்கு ஏப்ரல் 14 முதல் இடம் இருக்கிறதாம். அதுவரை அவள் சம்பளமில்லா விடுப்பு. வீட்டுக்காரர் இன்னும் யூட்டாவுக்குக் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாதிதான் தருவோம் என்கிறார்களாம்.