மதினியும் 41ஆம் பிரிவும்

"மொதத் தவணைய நீங்களே கட்டிருவீங்கல்லா மதினி?"

முக்கூடலில், திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் இன்று காலையில் வெகு இயல்பாகக் கேட்டாள்.

மதினி காப்பீட்டு முகவர் தேர்வில் அண்மையில்தான் தேறினார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, நிறுவனம் தரும் பயிற்சி, பிறகு கணினியில் ஒரு மணி நேரத்தில் 50 கேள்விகள், தமிழிலேயே எழுதலாம். தேறுவதற்கு 35 விழுக்காடு போதும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிறருடைய சேமிப்புக்கு வழி சொல்பவருக்கு அது குறைவு.

மதினி பதில் சொல்லாமல் பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்து, பீடித்தூள் படிந்த விரலால் ஒரு பத்தியைத் தொட்டுக் காட்டினார். முகவர் தமது கமிஷனிலிருந்து தள்ளுபடி கொடுப்பதையும், வாடிக்கையாளர் அதைப் பெறுவதையும் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு ஒருசேரத் தடுக்கிறது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

"வாங்குனா ஒனக்கும்தாம்ட்டி அபராதம்," என்றார்.

இப்படி முதல் தவணையை முகவரே கட்டிப் பிடித்த பாலிசிகள் மறு வருடமே காலாவதியாவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியது தள்ளுபடியை அன்று. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள், பிடிக்காவிட்டால், சிறு பிடித்தம் போகப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அதைத் தாமாகவே சொல்லாத முகவரிடம் நான் பாலிசி எடுப்பதில்லை.