சுருட்டு ரசிகர்களுக்கு ஓர் அறிவுத் தேர்வு: வினாத்தாள் தயாரித்த அனுபவம்

சுருட்டுப் பிரியர்களுக்கு வினாத்தாள் எழுத உட்கார்ந்தால் முதலில் ஒன்று புலப்படும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பெட்டிக்குள் இருக்கும் இலையைப் பற்றிக் கேட்டால் தயங்குவார்கள். பார்தாகாஸ் 1845, ரோமியோ இ ஜூலியேட்டா 1875, மொந்தேகிரிஸ்தோ 1935, கோஹிபா 1966 என்று கியூப பிராண்டுகள் தொடங்கிய ஆண்டுகளை மடமடவென்று ஒப்பிப்பவர்கூட, சுருட்டின் நடுவில் ஏன் ஒரு தடித்த இலையை வைக்கிறார்கள் என்று கேட்டால் யோசிப்பார். அதனால் மொத்தம் 40 கேள்விகளில் 15-ஐ மட்டும் வரலாற்றுக்கு ஒதுக்கினோம். மீதி 25-ம் விதை முதல் பெட்டி வரைக்கும். அந்த 25-இல் 10 கேள்விகளுக்கு இலையைக் கையில் கொடுத்துவிடுவோம்.

வரலாற்றுப் பகுதியில் பெரிய வேலை, கட்டுக்கதைகளைக் களைவதுதான். விரல் கறைபடாமல் இருக்க ரஷ்ய அரசி கேத்தரின் சுருட்டில் பட்டுத்துணி சுற்றினார், அதிலிருந்து காகிதப் பட்டை வந்தது என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. கியூபாவில் பெண்கள் தொடையில் வைத்துச் சுருட்டுகிறார்கள் என்பதும் அப்படியே. இலையைத் தரம் பிரிக்கும் பெண்கள் மடியில் விரித்துப் பார்ப்பதுண்டு. சுருட்டுவது எப்போதும் மரப்பலகையின் மேல்தான். இவற்றை ‘சரியா, தவறா’ என்று கேட்டால் நல்ல கேள்வி. ‘முதலில் யார் செய்தார்’ என்று கேட்டால் சண்டைதான் வரும்.

கென்னடி கேள்வியும் இந்த வகைதான். கியூபாவுடனான வணிகத் தடை ஆணையில் கையெழுத்திடும் முன் கியூபாவின் அப்மன் சுருட்டுகள் 1,000 வாங்கி வரச் சொன்னார் என்ற செய்தி, அவருடைய பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதியதிலிருந்து வருகிறது. பெட்டியா, சுருட்டா, எத்தனை என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். எண்ணிக்கையைக் கேட்காமல் ஆணையைக் கேளுங்கள்: கையெழுத்தானது 1962 பிப்ரவரி 3, நடைமுறைக்கு வந்தது பிப்ரவரி 7. கியூப அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமையாக்கியது அதற்கும் முன்னால், 1960 செப்டம்பரில். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பிராண்டைப் பற்றிக் கேட்கும்போது நாட்டின் பெயரைச் சேர்க்காமல் விடவே கூடாது. நாட்டுடைமைக்குப் பின் வெளியேறிய ஆலை உரிமையாளர்களாலும் அமெரிக்க வணிக முத்திரைச் சட்டத்தாலும் கோஹிபா, பார்தாகாஸ், மொந்தேகிரிஸ்தோ எல்லாம் கியூபாவில் ஒன்றாகவும் டொமினிக்கன் குடியரசில் வேறொன்றாகவும் இருக்கின்றன. ‘கோஹிபாவின் மேலிலை (சுருட்டின் வெளியே சுற்றும் இலை) எங்கிருந்து வருகிறது?’ என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு பதிலுக்கும் மதிப்பெண் தர வேண்டியதாகிவிடும்.

வரலாற்றில் எங்களுக்குப் பிடித்த கேள்விகள் வேறு. ஸ்பெயின் அரசின் புகையிலை ஏகபோகம் கியூபாவில் 1817-இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகுதான் ஹவானாவில் தனியார் ஆலைகள் பெருகின. 1865-இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில், சுருட்டும் தொழிலாளர்களுக்கு நாளிதழும் நாவலும் உரக்கப் படித்துக்காட்ட ஒருவரை அமர்த்தினார்கள். வாசிப்பவருக்குக் கூலி தொழிலாளர்களே கொடுத்தார்கள். புளோரிடாவின் டாம்பாவில் இதே வழக்கத்தை 1931-இல் முதலாளிகள் நிறுத்தினார்கள். மார்ட்டின் லூதர் கிங் மாணவராக இருந்தபோது 1944 கோடையில் வேலை செய்த புகையிலைத் தோட்டம் எந்த மாநிலத்தில் இருந்தது? கனெக்டிகட். இந்தக் கேள்விக்குச் சரியான விடை அபூர்வமாகவே வரும்.

தமிழர்களோடு தொடர்புள்ள கேள்வி வேண்டுமானால் சுமத்ராவுக்குப் போக வேண்டும். 1863-இல் யாக்கோபஸ் நியென்ஹைஸ் என்ற டச்சுக்காரர் டெலியில் தொடங்கிய மேலிலைச் சாகுபடி சில பத்தாண்டுகளில் உலகச் சந்தையைப் பிடித்தது. செடி வளர்ப்பு பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் கையில். மாட்டுவண்டி ஓட்டவும் சாலை போடவும் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அங்குள்ள மேடான் நகரின் மாரியம்மன் கோயில் 1884-இல் எழுந்தது அப்படித்தான். அந்தச் சுமத்ரா இலையின் போட்டியைத் தாங்க முடியாமல்தான் கனெக்டிகட் விவசாயிகள் 1900-இல் வயலுக்கு மேல் துணிப்பந்தல் போட்டு, சுமத்ரா விதையையே நிழலில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே கேள்வியில் மூன்று கண்டங்கள் வந்துவிடும்.

இனி இலைக்கு வருவோம். விதையிலிருந்தே தொடங்கலாம். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும். ‘எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும்?’ என்று கேளுங்கள். கால் அங்குலம், அரை அங்குலம் என்று எழுதுவார்கள். ஊன்றவே கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும்; மண் மூடினால் முளைப்பு கெடும். அதனால் மணலோடு கலந்து மேலாகத் தூவிவிட்டு, மண் காயாமல் பூவாளியால் தெளிப்பார்கள். ஏறத்தாழ 45 நாளில் நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் பிடுங்கி நடவு.

பூமொட்டு வந்ததும் கொழுந்து கிள்ளுகிறார்களே, ஏன்? விதைக்குப் போகும் சத்து இலைக்குத் திரும்பட்டும் என்றுதான். பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுவார்கள். கொழுந்து கிள்ளினால் இலைக்கக்கத்தில் சிம்பு, அதாவது பக்கத் தளிர், வெடிக்கும். அதையும் விடாமல் எடுக்காவிட்டால் கிள்ளியது வீண். முழு மதிப்பெண் இரண்டையும் எழுதியவருக்குத்தான்.

அறுவடையில் பெரும்பாலும் செடியை மொத்தமாக வெட்டுவதில்லை. கீழிருந்து இரண்டு மூன்று இலையாக, வார இடைவெளி விட்டு ஒடித்துக்கொண்டே மேலே போவார்கள். அடியிலை வொலாதோ: மெல்லியது, சட்டென்று எரியும். நடுவிலை செக்கோ: மணம் இதில். உச்சியிலை லிகேரோ: வெயில் முழுதும் குடித்தது, தடித்தது, எண்ணெய்ப் பசை உள்ளது, காரம் அதிகம், மெதுவாக எரியும். லிகேரோவைச் சுருட்டின் நடுவில் வைப்பது இதனால்தான். ஓரத்தில் வைத்தால் அந்தப் பக்கம் எரியாமல் நிற்க, மறுபக்கம் ஓடிவிடும்.

இந்த மூன்றையும் கையில் கொடுத்துப் பெயர் சொல்லச் சொல்வதுதான் தேர்வின் உயிர்ப்பகுதி. ஏசி அறையில் கால் மணி நேரத்தில் இலை காய்ந்து நொறுங்க ஆரம்பிக்கும். அப்புறம் மூன்றும் ஒரே சருகாகத்தான் தெரியும். ஈரத்துணி இலையில் படாதபடி மூடிய பெட்டியில் முதல்நாள் இரவே வைத்துவிட வேண்டும். மறுநாள் விரலில் சுற்றினால் தோல்வார் மாதிரி ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். நேரடியாகத் தண்ணீர் அடித்தால் திட்டுத் திட்டாகக் கறுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். தடவிப் பார்த்தும் முடிவு வராதவர்களுக்கு ஓரத்தைக் கொளுத்தி ஊதி அணைத்துக் கங்கு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க அனுமதி உண்டு. வொலாதோவில் கங்கு ஊர்ந்துகொண்டே போகும். லிகேரோவில் சீக்கிரம் அணையும். இதற்குத் தனி இலைகள் வைத்திருங்கள். இந்தச் சுற்றில் யாரும் புகைக்கக் கூடாது, மூக்கு மழுங்கிவிடும்.

எரிவைப் பற்றியே ஒரு மண் கேள்வி: சுருட்டுப் புகையிலைக்குச் சாம்பல் சத்தாக மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் ஏன் போடக் கூடாது? அதில் உள்ள குளோரைடு இலையில் ஏறினால் எரிவு கெடும். சல்பேட் வடிவில்தான் கொடுக்க வேண்டும். 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்கும் வேடசந்தூர்ப் பக்கம் மெல்லும் புகையிலைக்கு உப்புக் கிணற்றுநீர் பாய்ச்சுகிறார்கள். அதே நீர் சுருட்டு இலைக்கு ஆகாது.

பாடம் பண்ணுவதில் இரண்டு கேள்வி போதும். கொட்டகையில் தொங்கும் இலை பச்சையிலிருந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். வேகமாகக் காய்ந்தால் பச்சை அப்படியே தங்கிவிடும். கண்டேலா என்ற பச்சை மேலிலைக்குச் சூடு காட்டி வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். ஈரம் கூடினால் கொட்டகையிலேயே அழுகும். அடுத்தது அம்பாரம்: அடுக்கிய இலை தானே சூடேறி, அம்மோனியா நெடி கிளம்பும். டிகிரியைக் கேட்க வேண்டாம், இலைக்கு இலை மாறும். சூடு எல்லை தாண்டினால் என்ன செய்வது என்று கேளுங்கள்: பிரித்து, வெளியில் இருந்ததை உள்ளேயும் உள்ளே இருந்ததை வெளியேயும் மாற்றி அடுக்க வேண்டும்.

அளவுக் கணக்கில் ஒன்று. 50 ரிங் என்றால் எத்தனை மில்லிமீட்டர்? ரிங் என்பது சுருட்டின் விட்டத்தை அளக்கும் அலகு, அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. 50-ஐ 64-ஆல் வகுத்து 25.4-ஆல் பெருக்கினால் 19.8. கால்குலேட்டர் கொடுத்துவிடலாம்.

மூன்று உடல்நலக் கேள்விகளைக் கட்டாயமாக வைத்திருக்கிறோம். ஈர இலை ஒடிப்பவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வருவது, நிக்கோட்டின் தோல் வழியே ஏறுவதால். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு; இதை மறுத்து எழுதும் பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. மூன்றாவது செடியின் நலம்: சுருட்டைத் தொட்ட கையோடு தக்காளி நாற்றைத் தொட்டால் புகையிலைத் தேமல் வைரஸ் தொற்றக்கூடும். 1892-இல் இவனோவ்ஸ்கியும் 1898-இல் பெய்ஜெரிங்கும் இந்த நோயை ஆராய்ந்தபோதுதான் வைரஸ் என்ற ஒன்றே தெரியவந்தது.

வினாத்தாளை இறுதி செய்யும் முன் இருவரிடம் கொடுத்துப் பாருங்கள்: புகைக்கும் பழக்கமே இல்லாத வேளாண் பட்டதாரி ஒருவர், சுருட்டுக் கடைக்காரர் ஒருவர். இருவரும் வெவ்வேறு பதிலை நியாயப்படுத்த முடிகிற கேள்வி எதுவானாலும் அடித்துவிட வேண்டும். விடைத்தாளில் பதிலோடு காரணமும் ஒரு வரி இருந்தால் திருத்தும்போது வாக்குவாதம் குறையும்.

சமநிலை வந்தால் கடைசியாக ஒரே கேள்வி: இலை ஒடித்தது முதல் பெட்டியில் அடுக்குவது வரை பத்துப் படிகளைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நடுக்காம்பை உருவுவது முதல் அம்பாரத்துக்கு முன்பு என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். முதல் அம்பாரத்தில் இலை இளகிய பிறகு உருவி, அதன் பின் இரண்டாவது அம்பாரம் போடுவதே கியூப வழக்கம்.