தௌங்பியோனில் இரண்டு செங்கல்

மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம் சேதியே இல்லை. அப்போது அம்மா நேர்ந்துகொண்டது இது. "மதுரைக்குப் போய் வீரனுக்குப் படையல் போட நமக்குக் கொடுத்து வைக்கலப்பா. பையன் வந்தா தௌங்பியோன் அண்ணன் தம்பிக்குத் தேங்காய் பழம் வச்சுட்டு வந்துரு. அவங்க அப்பனும் கப்பல்ல வந்தவன்தானே." தௌங்பியோன் பர்மாவில் மாண்டலேக்குப் பக்கத்து ஊர். அங்கே சாமியாகக் கும்பிடும் இரண்டு சகோதரர்களைத்தான் அம்மா சொன்னாள். பையன் வந்துவிட்டான். அம்மாதான் இல்லை.

மாண்டலேயிலிருந்து லைன் காரில் கிளம்பினோம். நட் என்கிற பர்மியத் தெய்வங்களின் திருவிழா என்பதால் மூன்று நாளாகப் பன்றிக்கறி வீட்டுக்குள் வரவில்லை. அந்த அண்ணன் தம்பியின் அப்பா பியாத்தா முஸ்லிமாயிற்றே. கப்பல் உடைந்து பர்மாவின் தத்தோனில் கரையேறிய இந்தியர். 11ஆம் நூற்றாண்டில் பகானை ஆண்ட அனவ்ரதா ராஜாவுக்குப் போபா மலைப் பூ கொண்டுவருவதுதான் வேலை. மலையில் ஒருத்தியிடம் மனசு போச்சு, பூ தாமதமாச்சு, ராஜா உயிரை எடுத்துவிட்டான். எங்கள் வீரனுக்கும் இதே கதிதான். கள்ளரை அடக்க அவன் வேண்டும். வெள்ளையம்மாள்மேல் காதல் என்ற பேச்சு வந்ததும் மாறுகால் மாறுகை. அப்புறம் மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் காவலுக்கும் அவனேதான் வேண்டும்!

இறங்கியதுமே தட்டு விற்கிறவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு ஊரில் நாலு தட்டு வாங்கலாம். சன்னதி நெரிசலில் என் கண்ணாடிக் கால் ஒன்று உடைந்தது. தட்டை வாங்கிச் சாமிக்குக் காட்டின மாதிரி ஒரு ஆட்டு ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதற்கா இவ்வளவு தூரம் என்று எரிச்சலாக வந்தது.

பகோடாவில் அந்த இடத்தைப் பார்த்ததும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அதைக் கட்டும்போது ஆளுக்கொரு செங்கல் வைக்கச் சொன்னானாம் அதே ராஜா. அண்ணனும் தம்பியும் விளையாட்டு மும்முரத்தில் வைக்காமல் விட்டார்கள், அதற்குத்தான் கொன்றான். அந்த இரண்டு செங்கல் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. பாரேன், கொன்றவன் கட்டின சுவர் அவர்கள் பேரைத்தான் சொல்கிறது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். முப்பது வயசுப் பிள்ளை.

"சாமி, பையன் வந்துட்டான்" என்றேன், தமிழில்தான். பியாத்தா கரையேறியபோது பேசியதும் பர்மிய மொழி இல்லையே. அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை, அழுதுவிட்டேன். பின்னால் நின்ற பர்மியக் கிழவி என் முதுகைத் தடவிக்கொடுத்து, தன் கையிலிருந்த தபியே என்கிற பூசை இலைக் கொழுந்தில் பாதியை ஒடித்து நீட்டினாள்.

வழியெல்லாம் மகன் அதை மடியிலேயே வைத்திருந்தான். வீட்டுக்கு வந்து வீரன் படத்துக்கு ஒரு கிள்ளு, அம்மா படத்துக்கு ஒரு கிள்ளு செருகினோம்.