வினிப்பெக்கில் டிண்டல் கல்லை வரைந்து பழகிய ஒரு நாள்

பயணங்களில் நீர்வண்ணப் படம் வரையத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கட்டடங்களின் கோட்டுருவம் ஓரளவு கைக்குப் பழகிவிட்டது. சுவரைக் கல்லாகக் காட்டும் வித்தைதான் இன்னும் வசப்படவில்லை. ஆகவே, கனடாவின் சமவெளி நகரமான வினிப்பெக்கில் எனக்குக் கிடைத்த ஒரே நாளை அங்குள்ள கட்டடங்களில் காணப்படும் டிண்டல் கல் என்ற சுண்ணாம்புக்கல்லுக்கே ஒதுக்கினேன்.

காலையில் மானிடோபா மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்றேன். 1920இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு வருவோர் பெரும்பாலும் குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் பொன்னிறச் சிறுவன் சிலையை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் சுவரை ஒட்டி நின்று, ஒரு சாண் தொலைவிலிருந்து கல்லைப் பார்த்தேன். வெண்ணெய் நிறப் பரப்பில் வேர்களைப் போலக் கிளைத்து ஓடும் பழுப்புத் திட்டுகள், சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்திருந்த கடலின் அடிச்சேற்றில் உயிரினங்கள் குடைந்த வளைகளின் தடங்கள். அவற்றுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பவளப் புதைபடிவம், குறுக்கே வெட்டிய தேனடைபோல இருந்தது. அதை விட்டு நகரவே மனம் வரவில்லை.

முதல் முயற்சியில் தாள் முழுவதையும் நனைத்து, மஞ்சள் காவியை மெல்லிதாகப் பூசி, ஈரத்திலேயே பழுப்பைத் தொட்டு வைத்தேன். சமவெளியின் வறண்ட காற்றில் தாள் நொடியில் உலர்ந்துவிட, திட்டுகள் கசியாமல் விளிம்பு கட்டி நின்றன. இரண்டாம் முறை ஒவ்வொரு கல்லாக நனைத்து, ஈரத்தின் மினுமினுப்பு அடங்கும் தருணத்தில் பழுப்பை இட்டபோது, நான் தேடிய மங்கலான கிளைப்பு கிடைத்தது. பன்னிரண்டு கற்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தனையும் பயனுள்ள நேரம்.

அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் வினிப்பெக் ஓவியக் கூடம் உள்ளது. குஸ்தாவோ ட ரோசா வடிவமைத்து 1971இல் திறக்கப்பட்ட அந்த முக்கோணக் கட்டடமும் டிண்டல் கல் போர்த்தியதுதான். கப்பலின் முன்முனைபோல நீளும் அதன் சுவரைத் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால், திட்டுகள் கரைந்து ஒரே நிறமாகிவிடுகின்றன. எனவே முனையருகில் மட்டும் நான்கைந்து திட்டுகளை வைத்து, எஞ்சிய பரப்பை ஒரே பூச்சாக விட்டேன். காலையில் செய்ததைவிட இதுவே எனக்குப் பெரிய பாடம்.

அதனுடன் இணைந்து 2021இல் திறக்கப்பட்ட கௌமாயுக் என்ற, ஆர்க்டிக் பழங்குடியினரான இனுவிட் மக்களின் கலை மையத்தில், மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பேழைக்குள் ஆயிரக்கணக்கான செதுக்குச் சிற்பங்கள் உள்ளன. அங்கே பென்சில் மட்டுமே எடுத்தேன். மெருகேற்றிய கருங்கல் கரடியொன்றின் முதுகில் விழுந்த ஒளியைத் தாளின் வெண்மையாகவே விட்டுவிட்டு, சுற்றிலும் நிழலை அழுத்தினேன். கல்லின் வழவழப்பு உடனே தெரிந்தது.

மாலையில் நடைபாலத்தின் வழியாக ரெட் ஆற்றைக் கடந்து செயின்ட் போனிஃபஸ் பேராலயத்துக்குப் போனேன். 1968ஆம் ஆண்டுத் தீயில் எஞ்சிய முகப்பில், பெரிய வட்டச் சன்னல் இருந்த இடம் இன்று வெற்று வளையம். வளையத்துக்குள் தெரிந்த வானத்தை முதலில் தீட்டி, அது உலர்ந்த பின் கற்களை ஒவ்வொன்றாக நனைக்கத் தொடங்கினேன். வெளிச்சம் குறையும்வரை ஒன்பது கற்கள் முடிந்தன.