மூன்றாவது ராடு

பிப்ரவரி 9, 2025

நேற்று ஏற்காட்டிலிருந்து இறங்கி அடிவாரத்தில் டீக்கு நிறுத்தியபோதே ஐட்லிங்கில் ஒரு துடிப்பு. ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ, இருபது வயது வண்டி. பிளக்காக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீடு வந்தேன். இன்று பட்டறையில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம் பார்த்தால், நான்கில் மூன்று சிலிண்டரில் 155 பி.எஸ்.ஐ., மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 138. ஆயில் ஊற்றிப் பார்த்தும் முள் பெரிதாக ஏறவில்லை; பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கு தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். "ரிங்கு இல்லீங்க தம்பி, ஹெட்டைக் கழட்டிரலாம்" என்றார் பட்டறை அண்ணன்.

பிப்ரவரி 16

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி, உயரம் அளக்கும் டயல் கேஜ் வைத்தோம். மூன்றாவது பிஸ்டன் மேல்முனையில் மற்றவற்றைவிட 1 மி.மீ. கீழேயே நின்றுவிடுகிறது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடு வளைந்திருக்கிறது. உடையவுமில்லை, சத்தம் போடவுமில்லை. எத்தனை நாளாக அப்படியே ஓடியதோ.

பிப்ரவரி 18

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 81 மி.மீ. பெட்ரோல் எரியும்போது உள்ளே 100 பார் அழுத்தம் என்று வைத்தால், பிஸ்டன் தலைமேல் ஐந்து டன்னுக்குச் சற்று அதிகமாக இறங்குகிறது. பிஸ்டன், அதை ராடோடு கோக்கும் பின், ரிங்கு எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று கொண்டால், நிமிடத்துக்கு 7,000 சுற்றில் மேல்முனையில் திரும்பும்போது அது ராடை 1.2 டன் விசையோடு மேலே இழுக்கும். எரியும் அழுத்தத்துக்கு அது எதிர்த்திசை என்பதால் ராடுக்கு அந்த அளவு பாரம் குறைகிறது. 2,500 சுற்றில் அதே இழுப்பு சுமார் 160 கிலோதான். ஆக ஐந்து டன்னும் ஏறக்குறைய முழுசாக ராடின் மேல்.

நான் பயந்ததெல்லாம் 7,000 சுற்றுக்குத்தான். ராடை வளைத்தது கொண்டையூசி வளைவைத் தாண்டியதும் இரண்டாம் கியருக்கு இறங்கச் சோம்பல்பட்டு, மூன்றிலேயே 2,500-ல் மிதியை அழுத்திய பழக்கம். மலைக்கு மொத்தம் 20 வளைவு, மாதம் நான்கு முறை. இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து சக்தியைக் கூட்டியபோது "கீழேயே நல்லா இழுக்கணும்" என்று கேட்டு வாங்கியதும் நானே. யாரைக் குறை சொல்ல?

மார்ச் 2

பெரிய டர்போ, 300 குதிரை என்பது பழைய திட்டம். அதை விடவில்லை. ஆனால் ராடு தேர்வில் பார்வை மாறிவிட்டது. 4340 ரக உருக்கில் அடித்த எச்-பீம் (நடுத்தண்டு 'H' வடிவில் இருக்கும் ராடு), நீளம் 144 மி.மீ., போல்ட் ஏ.ஆர்.பி. 2000 ரகம். உயர் சுற்றில் ராடின் கீழ்மூடியைப் பிடித்து வைப்பது போல்ட். ஏற்றத்தில் நசுங்காமல் நிற்பது நடுத்தண்டு. எனக்கு இரண்டும் வேண்டும். இதைவிட வலுவான எல்19 போல்ட்டும் கிடைக்கிறது. ஆனால் கைவியர்வை, ஈரம் பட்டால் துருவோடு விரிசலும் விடக்கூடிய ஜாதி. சேலத்து ஏப்ரலில் வியர்க்காத கைக்கு எங்கே போவது?

இன்னொரு கண்டம். கழற்றிய பிஸ்டன் பின் 19 மி.மீ. இதே இன்ஜினுக்கு 20 மி.மீ. பின்னும் உண்டு. ஒரு கடையில் 19-க்கான ராடையும் இன்னொரு கடையில் 20-க்கான பிஸ்டனையும் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம்வரை போய்விட்டேன். இப்போது இரண்டும் 20.

மார்ச் 5

பிஸ்டனில்தான் மூன்று நாள் போனது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கியது) என்றாலே ஒரே பொருள் இல்லை. 4032 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு உண்டு. சூட்டில் குறைவாக விரியும், அதனால் நெருக்கமாகப் போடலாம், காலையில் சத்தம் வராது. 2618 என்ற இன்னொரு கலவையில் சிலிக்கான் இல்லாத மாதிரிதான். அதிகம் விரியும், இடைவெளி கூட்டி வைக்க வேண்டும், குளிர்ந்த இன்ஜினில் தட்டும். ஆனால் நாக்கிங் (பெட்ரோல் முறைதவறி வெடித்து எரிவது) வந்தால் 4032 சட்டென்று விரிசல் விடும். 2618 கொஞ்சம் அடி தாங்கும்.

தினசரி ஓட்டும் வண்டிக்கு 4032 என்பதுதான் பொதுவான பேச்சு. மலைமேல் சுமையோடு, எந்த பங்கில் எந்த பெட்ரோல் போட்டேன் என்று தெரியாத நாளை நினைத்து 2618-ஐ எடுத்தேன். போரைக் கடைந்து 81.5 மி.மீ. ஆக்குவதால் இன்ஜின் கொள்ளளவு 1,803 சி.சி. ஆகும்.

ஏப்ரல் 6

பார்சல் வந்தது. சுங்கவரியை இங்கே எழுதப் போவதில்லை, வீட்டில் இதைப் படிக்கிறார்கள்.

எடை பார்க்கச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் போனேன். வெள்ளி நிறுக்கும் தராசில் நான்கு பிஸ்டனும் ஒரு கிராமுக்குள் அடங்கின. மாமா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாலிஷ் நல்லா இருக்குடா, ஆனா இதை யாரும் பாக்கப் போறதில்லையே" என்றார்.

ஏப்ரல் 13

லேத் ஐயாவுக்கும் எனக்கும் சண்டை வராத குறை. ஐம்பது வருஷக் கை அவருடையது. சாதாரண பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே 0.04 மி.மீ. விட்டே பழக்கம். பிஸ்டனோடு வந்த தாளில் 0.08. "இவ்வளவு விட்டா கடகடங்கும் தம்பி, அப்புறம் என் பேரு கெடும்" என்றார். இது விரிகிற ஜாதி என்று சொல்லி, தாளில் குறித்த இடத்தில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே, பாவாடையில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) மைக்ரோமீட்டர் வைத்துக் காட்டினேன். ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு நிபந்தனை போட்டது அவர்தான்: அளவெல்லாம் காலை ஏழு மணிக்குத்தான் எடுக்க வேண்டும். மத்தியானத் தகரக் கூரைக்கடியில் அலுமினியம் ஒரு அளவு, வார்ப்பிரும்பு ஒரு அளவு என்று வளரும். பத்து டிகிரிக்கே இடைவெளி 0.01 மி.மீ. அளவுக்கு மாறிவிடும். எனக்கு இது தோன்றவே இல்லை. ஹோனிங்குக்கு (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து அளவாக்குவது) முன் ஹெட் இருக்கும் இடத்தில் தடித்த இரும்புப் பிளேட்டை அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கினார். ஹெட் முடுக்கும்போது போர் லேசாகக் கோணும். அந்தக் கோணலோடே வட்டமாக்கிவிட வேண்டும்.

ஏப்ரல் 27

பூட்டினோம். மேல் ரிங்கு வாயை, அதாவது இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, 0.40 மி.மீ.க்கு அரம் போட்டோம். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி பிஸ்டனையே பெயர்த்துவிடும். ராடு போல்ட்டை டார்க்கை நம்பி விடாமல், எவ்வளவு நீள்கிறது என்று கேஜில் பார்த்து முடுக்கினோம். எட்டு போல்ட், மூன்று மணி நேரம், ஒரு தட்டுவடை செட்டு.

மே 4

காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட். கடகடவென்று தட்டியது. அப்பா காபி டம்ளரோடு வெளியே வந்தார்.

"டீசல் இன்ஜினா மாத்திட்டியாடா?"

"சூடாகட்டும்ப்பா."

நான்கு நிமிடத்தில் சத்தம் அடங்கியது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. 50 கி.மீ. ஓட்டிவிட்டு ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தோம். ரிங்கு படியும்போது வரும் சாம்பல் பொடி மட்டும். அடுத்த ஆயில் மாற்றம் 500 கி.மீ.-ல். அதுவரை மலை கிடையாது.