சுவருக்குள் போன கொத்தனார்

எலும்பு என்றாலே ஆய்வகத்தில் தொங்கும் வெள்ளைக் கூடுதான் நினைவுக்கு வரும். அது செத்த எலும்பு. நமக்குள் இருப்பது ரத்தம் ஓடும் திசு. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அமிலம் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து புதிதாகக் கட்டும். பெரியவர்களுக்கு இப்படி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு புதுசாகிறது.

எனக்குப் பிடித்தது ஆஸ்டியோசைட்தான்; தான் கட்டிய எலும்புக்குள்ளேயே அடைபட்டுப்போன ஆஸ்டியோபிளாஸ்ட் அது. கட்டிக்கொண்டே இருந்த கொத்தனார் தன்னையும் சேர்த்துச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்ட கதை! எலும்புச் செல்களில் 90 சதவீதம் இவைதான். உள்ளே சும்மா கிடப்பதில்லை. முடியைவிட மெல்லிய கால்வாய்கள் வழியே கைநீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். எங்கே பாரம் அழுத்துகிறது, எங்கே நுண்விரிசல் என்று வெளியே தகவல் அனுப்பும். விண்வெளியில் பாரமின்றி மிதப்பவர்களின் கால் எலும்பு மெலிவதில் இவற்றுக்கும் பங்குண்டு.