வீட்டில் நீலகிரித் தைலம்: ஐந்தாவது முறை, 34 மில்லி

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குப் பிரிபுனலில் (எண்ணெயையும் நீரையும் தனித்தனியாகப் பிரிக்கும் புனல்) தெளிந்த எண்ணெய் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நின்றது. மூன்று கிலோ இலைக்கு 34 மில்லி. ஆடி மாதத்திலிருந்து நான்கு முறை தோற்றிருக்கிறேன். போன முறை கிடைத்தது 9 மில்லி, அதுவும் கலங்கல். ஆகவே இந்த 34 மில்லியைப் பற்றி அடக்கமாக எழுத எனக்கு மனமில்லை.

முதல் இரண்டு தோல்விக்கும் இலைதான் காரணம். கோவையில் எங்கள் சாலையோரம் நிற்பதும் தைல மரம் (யூகலிப்டஸ்) தானே என்று பறித்துக் காய்ச்சினேன். சமவெளியில் காகித ஆலைக்காக வளர்ப்பது பெரும்பாலும் டெரெட்டிகார்னிஸ், கமால்டுலென்சிஸ் வகைகளும் அவற்றின் கலப்பும்தான். நீலகிரித் தைலத்துக்கு உரியது குளோபுலஸ். டாஸ்மேனியாவின் குளிரில் பிறந்த மரம், மலையில்தான் நன்றாக வாழும். அங்கே அதைக் கற்பூர மரம் என்பார்கள். கோத்தகிரியிலிருந்து சித்தப்பா ஒரு சாக்குத் தழையை பஸ்ஸில் போட்டு அனுப்பினார். அவிழ்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது. மறுதாம்புத் தழைக்கு, அதாவது வெட்டிய அடிமரத்தில் துளிர்த்ததற்கு, தண்டு நாற்கோணமாக இருக்கிறது. இலைகள் எதிரெதிராக, திருநீறு பூசியது போல வெளிறிய நீலத்தில் இருக்கின்றன. முற்றிய கிளையிலோ இலை அரிவாளாக வளைந்து தொங்குகிறது. அதில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாக ஒளிப்புள்ளிகள் தெரியும். அத்தனையும் எண்ணெய்ப் பைகள்.

மூன்றாவது முறை நல்ல இலை இருந்தும் மூடி கசிந்தது. இலையைக் காய்ச்சும் நாற்பது லிட்டர் பால் கேனின் ரப்பர் வளையம் தைல ஆவி பட்டதும் உப்பிப் பிசுபிசுத்துவிட்டது. யூகலிப்டஸ் எண்ணெய் ரப்பரை இளக்கும், ரப்பரை நம்பாதீர்கள். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து மூடியைச் சுற்றி அப்பினேன், சூட்டில் இறுகிக் கல்லாகிவிட்டது. அன்றிலிருந்து மாவுதான்.

இப்போது சுருளுக்கு வருகிறேன். கேனிலிருந்து வரும் ஆவியைக் குளிரவைத்து நீராக்க, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி வைக்கும் வளைத்த குழாய் அது. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்காவது முறை எல்லாம் சரியாக இருந்தும் குழாய் வாயில் நீர் சீராகச் சொட்டவில்லை. அரை நிமிடம் ஒன்றும் வராது, பிறகு குபுக்கென்று துப்பும். துப்பிய நீர் பால் போல வெளுத்திருந்தது. எண்ணெய் நீரில் பொடித்துளியாக அடிபட்டுக் கலந்துவிட்டது என்று பொருள். இரவெல்லாம் வைத்தும் பிரியவில்லை. தண்ணீர்த் தொட்டியின் சூடுதான் காரணம் என்று நினைத்து இரண்டு பார் பனிக்கட்டி வாங்கிப் போட்டேன். பலனில்லை.

மறுநாள் சுருளைக் கழற்றி மேல்வாயில் 200 மில்லி தண்ணீர் ஊற்றினேன். கீழே வந்தது 140. வாய் வைத்து ஊதியதும் மீதி 60 மில்லியும் அதே குபுக் சத்தத்தோடு தெறித்து வந்தது! கையால் வளைத்த சுருளில் மூன்றாம் சுற்று லேசாகத் தொய்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கி அடைப்பாக நிற்க, பின்னால் ஆவி அழுத்தம் ஏறி உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தொய்வு அது.

பழைய குழாயை நிமிர்த்த முடியவில்லை. உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஒரு மணி நேரம் அலைந்து ஏசிக்குப் போடும் செப்புக் குழாய் ஐந்து மீட்டர் வாங்கினேன். (உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்பு நீரால் கழுவி, வெறும் நீரை மட்டும் வைத்து ஒரு முறை காய்ச்சிக் கொட்டிவிடுங்கள்.) சலித்து வறுத்த மணலைக் குழாய்க்குள் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையிலும் மரக்கட்டை அடைத்து, நான்கு அங்குல பிவிசி குழாயின் மேல் சுற்றினேன். மணல் இருந்ததால் எங்கும் நசுங்கவில்லை. பிறகு மூன்று மூங்கில் சட்டங்களில் ஒவ்வொரு சுற்றையும் அதற்கு முந்தைய சுற்றுக்குக் கீழே வருமாறு கம்பியால் கட்டினேன். 200 ஊற்றினேன், ஈரம் ஒட்டியது போக 196 வந்தது. சனிக்கிழமை சொட்டுகள் ஒரே தாளத்தில், கண்ணாடி போல விழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குடுவையை அடுப்புக்கு எட்டவே வைத்திருந்தேன். இந்த எண்ணெயின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

அம்மாவின் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தேன். ஒரு வாரமாகச் சளி. மூச்சை இழுத்துவிட்டு, "ஊட்டியில் வாங்கி வந்த பாட்டில் இப்படிக் காரமாக இல்லையே" என்றார். அந்தப் பாட்டிலிலும் இதிலும் ஒரு சொட்டு எடுத்துக் காகிதத்தில் வைத்தேன். என்னுடையது தடமே இல்லாமல் பறந்துவிட்டது. கடையில் வாங்கியதன் சொட்டு எண்ணெய்க் கறையாக நின்றது. ஆனால் இதே போலப் பறந்துவிடும் டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. எவ்வளவு சுத்தமானாலும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு ஒரு வாய்கூட ஆபத்து.

தழை எங்கிருந்து வருகிறது என்று சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் வாங்குகிறேன். 1843-இல் இந்த மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். சோலைக் காடுகள் விறகுக்காக அழிந்துகொண்டிருந்த காலம், வேகமாக வளரும் விறகு தேவைப்பட்டது. பிறகு தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளிலும் இதையும் சீகை (வாட்டில்) மரத்தையும் நட்டு நிரப்பினார்கள். இந்த வாசனை எனக்கு உயிர். ஆனாலும் புல்வெளி திரும்ப வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். அதனால் வெட்டிய அடிமரத்தில் துளிர்த்ததை மட்டுமே கேட்கிறேன், புதிதாக ஒரு கன்றுகூட நடச் சொல்ல மாட்டேன்.

34 மில்லியில் இன்னும் லேசான மங்கல் இருக்கிறது. நீர்தான். வறுத்த கல்லுப்பைப் போட்டு வைத்திருக்கிறேன். நாளை வடிகட்ட வேண்டும். அதற்குள் எலுமிச்சை வாசனைத் தைல மரம் ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டேன். சிட்ரியோடோரா. 1995-இல் யூகலிப்டஸ் பேரினத்திலிருந்து பிரித்து கோரிம்பியா என்று பெயர் மாற்றிய மரங்களில் அதுவும் ஒன்று. பட்டை வழவழவென்று வெளுத்திருக்கிறது, இலையைக் கசக்கினால் தோலோடு பிழிந்த எலுமிச்சை. அதில் நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் அல்ல, எலுமிச்சை வாசனை தரும் சிட்ரோனெல்லால்தான் அதிகம். அந்த மரம் நிற்கும் வீட்டின் உரிமையாளர் ஞாயிறன்று கிளை கழிக்கப் போகிறாராம். நான்கு சாக்கு கேட்டிருக்கிறேன்.